ரெண்டாயிரம் மடங்கு

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டிங் மெஷின் வேலை. மூன்று வாரமாக இருமல். "தூசிதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்பார். நான் அப்போது ஆவடி பக்கம் ஒரு சின்ன லேபில் டிரெய்னிங்கில் இருந்தேன். கையிலேயே மைக்ராஸ்கோப் இருக்கிறதே என்று அவருடைய காலைச் சளியை வாங்கிப்போய் நானே ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தேன்.

பத்து மடங்கு ஐபீஸைக் கழற்றிவிட்டு இருபதைப் போட்டேன். கீழே நூறு மடங்கு லென்ஸ். பெருக்கினால் ரெண்டாயிரம். எந்தக் கிருமி தப்பும்? எண்ணெய் பிசுபிசுப்பு வேறு எதற்கு என்று அதையும் விடவில்லை. தெரிந்ததெல்லாம் நீலமாக ஒரு மூட்டம். இருபது இடம் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவரும் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் லேப் அக்கா அந்த ஸ்லைடைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் எங்கடி?"

கீழ் லென்ஸ் குழாய்க்குள் ஒரு பிம்பத்தை உண்டாக்குகிறது. ஐபீஸ் அந்தப் பிம்பத்தைத்தான் பூதக்கண்ணாடி மாதிரி பெரிதாக்குகிறது. பிம்பத்தில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஒளி ஒரு அலை என்பதால், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் சுமார் 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே கண்டு சொன்ன எல்லை இது. காசநோய்க் கிருமியின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த எல்லை வரைக்கும் போகவே எண்ணெய் வேண்டும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி வளைந்து சிதறி லென்ஸுக்கு வெளியே போய்விடும். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கிற எண்ணெய் ஒரு சொட்டு நடுவில் இருந்தால் அதுவும் உள்ளே வரும். 1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததும் எண்ணெய் லென்ஸில்தான். நான் இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன் என்பதுதான் கொடுமை.

அக்கா பழைய ஐபீஸை மாட்டி, ஒரு சொட்டு விட்டு, நிதானமாக நகர்த்தினார். இல்லை என்று சொல்ல நூறு இடமாவது பார்க்க வேண்டும். பதினோராவது இடத்திலேயே நிறுத்தி, "வந்து பாரு" என்றார். நீலத்துக்கு நடுவே, லேசாக வளைந்த ரெண்டு சிவப்புக் கோடுகள்.

அன்று சாயங்காலமே அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆறு மாத மாத்திரை. முதல் நாள் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றுதான் கேட்டார்.

"என்ன சைஸும்மா இருக்கும் அது?"

"நீளம் ஒரு மூணு மைக்ரான்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க பட்டறையில பத்து மைக்ரான் தப்பினாதான் ரிஜெக்ட்டே பண்ணுவாங்க" என்றார்.