வாசலே பெயர்ப்பலகை!

எகிப்து என்றாலே பிரமிடும் மம்மியும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே தெற்கே அஸ்வான் என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பெனிகளுக்குச் சின்னமும் பெட்டி அட்டையும் வரைந்து கொடுக்கிற என் மகளுக்கு அந்த ஊர் வியாபாரி ஒருவரிடமிருந்து வேலை வந்தது. "நீயும் வாயேம்மா" என்றாள். கிளம்பிவிட்டேன்.

கடைத்தெருவில் எங்கே திரும்பினாலும் முக்கோண முக்கோணமாகப் பூவேலை! ஹோட்டல் பலகை, மசாலா பொட்டலம், துணிப்பை ஒன்று பாக்கியில்லை. "எல்லாம் நூபியர் வீட்டு அலங்காரம்மா" என்றாள் மகள். அசலைப் பார்க்க நைல் நதியில் படகேறி, கர்ப் சொஹேல் கிராமத்துக்குப் போனோம்.

அடேயப்பா, என்ன வண்ணம்! சுவரெல்லாம் முக்கோணம், நட்சத்திரம், பறவை. வாசலுக்கு மேலே பீங்கான் தட்டு பதிப்பதும், பாடம் செய்த முதலையை மாட்டுவதும் இவர்கள் வழக்கம். திருஷ்டி படாமலிருக்கத்தான்!

ஒரு வீட்டு அம்மாள் கர்கதே கொடுத்து உபசரித்தார். புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிதழைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை சேர்த்த பானம். லேசான புளிப்பு, வெயிலுக்கு இதம். சுவரில் தொங்கிய ஓலைத்தட்டையும் எடுத்துக் காட்டினார். நாரைச் சுருளாகச் சுற்றி, சாயமேற்றிய ஓலைக்கீற்றால் தைத்துக்கொண்டே போகிறார்கள். தையலை எண்ணிப் போட்டால்தான் கோணங்கள் சரியாக விரியுமாம். கல்யாணத்தின்போது மணப்பெண்ணின் அறைச் சுவருக்கு இதுதான் அலங்காரம்.

இந்த ஜனங்கள் பட்டது கொஞ்சமல்ல. அஸ்வான் உயர் அணைக்காக 1963-64ல் எகிப்து நூபியர் சுமார் 50,000 பேரை ஊரைவிட்டுக் கிளப்பி, கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். பழங்காலக் கோயில்கள் பலவற்றை உலக நாடுகள் சேர்ந்து பெயர்த்து மேட்டில் வைத்தன. ஆனால் பெண்கள் கையால் மெழுகி அலங்கரித்த வீடுகள்? தண்ணீரோடு போயின. கைப்பழக்கம் மட்டும் கூடவே வந்தது. 1997ல் அஸ்வானில் நூபிய அருங்காட்சியகம் திறந்தார்கள். 2005ல் யுனெஸ்கோ இவ்வூரைக் கைவினை நகரங்களில் சேர்த்தது.

"இந்தப் பூவேலையை கர்கதே பெட்டியில் போடலாமா?" என்று மகள் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "போடு. எங்க பேரையும் சேர்த்துப் போடு" என்றார்.

வியாபாரியோ, பெட்டியில் அதற்கு இடமில்லை என்றார். மகள் விடவில்லை. 'நூபியப் பெண்களின் கைவேலையிலிருந்து' என்ற ஒரு வரிக்கு இப்போது சம்மதம் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு தொகையும் தர வேண்டும் என்பதில்தான் இன்னும் இழுபறி!

அஸ்வான் போகிற சகோதரிகள் ஓலைத்தட்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். சாயம் ஓலையிலேயே ஏறியிருக்கிறதா, மேலே பூசியதா என்று தெரிந்துவிடும். யார் முடைந்தது என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், பேசாமல் படகேறிக் கிராமத்துக்கே போய் வாங்குங்கள்.