தாப்பாவில் நள்ளிரவு

பினாங்குக்குப் போகும் வழியில், கேமரன் மலைக்குப் பாதை பிரியும் தாப்பாவின் ஓய்வுத்தளத்தில் இரவு இரண்டு மணிக்குத் தேநீருக்காக நிறுத்தினேன். லோரிகளுக்கு இடையே ஓர் அண்ணன் தீனி டப்பாவைக் குலுக்கி, “குட்டி... குட்டி...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து புக்கிட் காயு ஹீத்தாமுக்குச் சரக்கு. மூன்று வருடமாகக் கேபினிலேயே வளரும் பூனை, இறங்கிப்போய் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை.

“தவுக்கே கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. லேட்டானா டிரிப் காசுல கை வைப்பாரு.”

“அப்புறம் ஏண்ணே நிக்கிறீங்க?”

“முன்னெல்லாம் தூக்கம் வந்தாலும் நிறுத்தாம ஓட்டுவேன். இப்ப இது கத்தினா நிறுத்தணும். அதனாலதான் நானும் தூங்குறேன்.”

கைப்பேசி விளக்கோடு நானும் குனிந்து தேடினேன். பக்கத்து லோரியின் டயர் மேல் சுருண்டு கிடந்தது குட்டி.

அவர் கிளம்பினார். நான் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் ஈப்போ பக்கம் வண்டியை எடுத்தேன்.