195 கிலோமீட்டர் குடியரசு

மணிலாவின் தோண்டோ பகுதியில் இருக்கும் டுட்டுபன் ரயில் நிலையத்துக்கு 1887 ஜூலை 31 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஆட்சி ஸ்பெயினுடையது, முதலீடு லண்டன் கம்பெனியுடையது. மத்திய லூசோன் சமவெளியில் விளையும் அரிசியும் சர்க்கரையும் துறைமுகத்துக்கு விரைவாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. 1892 நவம்பரில் வடக்கே டகுபன் ஊர்வரை 195 கிலோமீட்டர் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. சரக்குக்காகப் போட்ட அந்தப் பாதையில்தான், ஏழு ஆண்டுகள் கழித்து, ஆசியாவின் ஒரு புதிய குடியரசு தன் குறுகிய வாழ்நாளைக் கழித்தது. பிலிப்பைன்ஸ் விடுதலைப் போரை இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே படித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

டுட்டுபனிலேயே தொடங்கிவிடுகிறது கதை. ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ 1863இல் பிறந்தது இந்தத் தோண்டோவில்தான். வெளிநாட்டுக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்த ஏழை. 1892 ஜூன் கடைசியில் சீர்திருத்த எழுத்தாளர் ஹோஸே ரிஸால் நாடு திரும்பினார். வந்த மறுநாளே ரயிலேறினார். பாதை அப்போது டார்லாக் வரை ஓடத் தொடங்கியிருந்தது. மாலோலோஸ், சான் பெர்னாண்டோ, டார்லாக் என்று நண்பர்களைப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கால் வைத்த வீடுகளையெல்லாம் பின்னால் போய்ச் சோதனை போட்டது ஆட்சி. ஜூலை 3 அன்று தோண்டோவில் லிகா பிலிப்பினா என்ற சங்கத்தைத் தொடங்கினார். 6ஆம் தேதி கைதானார். மறுநாள் இரவு, நிலையத்தை ஒட்டிய அஸ்கராகா தெருவில் ஒரு வீட்டில் போனிஃபாசியோவும் தோழர்களும் கூடி கதிபூனன் என்ற ரகசிய இயக்கத்தை உருவாக்கினார்கள். இனி மனுப் போட்டுக் கேட்பதில்லை என்று முடிவெடுத்த இரவு அது.

அடுத்து வரும் பெரிய ஊர் கலோகன். 1896 ஆகஸ்டில் இந்தப் பக்கத்தில்தான் போனிஃபாசியோவின் ஆட்கள் தலைவரிச் சீட்டுகளைக் கிழித்தெறிந்து கிளர்ச்சியைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பர் 30 அன்று ரிஸாலை மணிலாவில் சுட்டுக் கொன்றது ஸ்பெயின்.

புலாகன் மாகாணத்து வயல்களைத் தாண்டினால் மாலோலோஸ். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். 1888 டிசம்பர் 12 அன்று இந்த ஊர்ப் பெண்கள் இருபது பேர், வந்திருந்த ஆளுநர் வெய்லரின் கையிலேயே ஒரு மனுவைக் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் படிக்க இரவுப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். பாதிரியார் எதிர்த்தார், அவர்கள் விடவில்லை. பத்தாண்டு கழித்து அதே ஊர் தலைநகரானது. 1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ காவித் என்ற ஊரில் விடுதலையை அறிவித்திருந்தார். ஆனால் ஆகஸ்டில் மணிலாவை, ஸ்பெயினோடு போரில் இருந்த அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 15 அன்று மாலோலோஸில் பராசோயின் தேவாலயத்தில் பேராளர்கள் கூடினார்கள். மதமும் அரசும் தனித்தனி என்ற பிரிவு அங்கே ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஒரு பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார்கள். இவர்களைக் கேட்காமலே டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஸ்பெயின் இவர்களுடைய நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் 1899 ஜனவரி 23 அன்று குடியரசைத் தொடங்கிவைத்தார்கள். எனக்கு அந்த நாள் காவித் அறிவிப்பைவிடப் பெரியது.

பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவோடு போர் மூண்டது. ஆறு நாளில் கலோகன் போனது. பணிமனையும் வண்டிகளும் எதிரி கைக்குப் போயின. கவசம் பூட்டிய பெட்டிகளில் பீரங்கியை ஏற்றி, சீனக் கூலிகளைக் கொண்டு அவற்றைத் தள்ள வைத்து, அமெரிக்கர்கள் தண்டவாளம் பிடித்தே மேலே வந்தார்கள். மார்ச் 31 அன்று மாலோலோஸ் விழுந்தது. விட்டுப் போகும்போது ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனது குடியரசுப் படை.

கலும்பிட்டில் இரண்டு ஆறுகள், இரண்டு பாலங்கள். பக்பக் ஆற்றுப் பாலத்தில் கவச ரயில் ஏறியதும் சரிந்து விழட்டும் என்று உத்திரங்களை அறுத்து வைத்திருந்தார்கள். ரயில் வருவதற்கு முன்பே பாலம் தானாகச் சரிந்துவிட்டது. அதே நேரத்தில் தளபதி அந்தோனியோ லூனா, தன் கட்டளைக்குப் பணியாத மஸ்கார்டோ என்ற தளபதியைத் தண்டிக்கப் படையின் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஏப்ரல் 25 அன்று பக்பக் போனது. இரண்டு நாள் கழித்துப் பம்பாங்கா ஆற்றில் இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கயிற்றோடு நீந்தி அக்கரை ஏறினார்கள். அதைப் பிடித்துத் தெப்பங்கள் கடந்தன. மஸ்கார்டோவின் மீது லூனாவுக்கு இருந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த நாளை அதற்குத் தேர்ந்தெடுத்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஜூன் 5 அன்று, தந்தி வந்ததென்று தண்டவாளத்தை விட்டு விலகிக் கபனத்துவான் போன லூனாவை அகினால்டோவின் காவல் படையினரே வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அவரைப் போல் போர்க்கலை படித்த இன்னொருவர் குடியரசுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஏஞ்ஜலிஸில் விடுதலையின் முதல் ஆண்டு விழா நடந்தது. தலைநகர் டார்லாக்குக்குப் போனது. பல்கலைக்கழகமும் கூடவே போனது. செப்டம்பர் 29 அன்று அங்கே பட்டம் கொடுத்தார்கள். எதிரி வந்துகொண்டிருக்க, மாணவர்கள் வரிசையில் நின்று பட்டம் வாங்கினார்கள்!  

லூனா தொடங்கிய 'லா இண்டிபெண்டென்சியா' நாளிதழின் அச்சகம் ரயில் பெட்டியிலேயே பயணம் செய்தது. ஊர் விழ விழ வடக்கே நகர்ந்து, நின்ற இடத்தில் அச்சடித்தார்கள். ரோசா செவில்லா போன்ற இளம் பெண்களும் ஆசிரியர் குழுவில் எழுதினார்கள். அதில் எழுதிய ஹோஸே பால்மா, 1899 ஆகஸ்டில் பவுதிஸ்தா ஊரில் ஒரு கவிதை எழுதினார். விடுதலை அறிவிப்பின்போது காவித்தில் சொல்லில்லாமல் வாசிக்கப்பட்ட ஹூலியன் ஃபெலிப்பேயின் இசைக்கு அது வரிகளாயிற்று. செப்டம்பர் 3 இதழில் வெளிவந்தது. இன்றைய தேசிய கீதத்தின் மூலம் அது.

பக்கத்து ஊர் பாயம்பாங். நவம்பரில் அங்கே கூடிப் பேசி, இனி அணிவகுத்து நின்று போரிடுவதில்லை, சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து தாக்குவது என்று முடிவெடுத்தார்கள். 13ஆம் தேதி இரவு அகினால்டோவும் குடும்பமும் தனி ரயிலில் புறப்பட்டார்கள். டகுபனை ஒட்டிய லிங்காயென் வளைகுடாவில் ஏற்கெனவே அமெரிக்கப் படை இறங்கியிருந்தது. அதனால் டகுபன் வரை போகாமல், அதற்கு முந்திய கலாசியாவோவில் இறங்கிக் கிழக்கே சாண்டா பார்பராவுக்கு நடந்தார்கள். அதே மாதம் டகுபனும் எதிரியிடம் போனது. பாதை முழுவதும் அவர்கள் வசமானது.

ஆனால் போர் தண்டவாளம் போகாத ஊர்களில் நடந்தது. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்ட பிறகும், தெற்கே பதங்காஸில் தளபதி மிகேல் மால்வார் 1902 ஏப்ரல் வரை ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை.