ரீசெட் பொத்தானுக்கு முன்னால்

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் ஒரு பகல் இருந்தேன். மூத்த டெக்னீஷியன் ஒரு ஹெட்லைட்டை அலுமினிய ஃபிக்ஸ்சரில் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் முடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு போல்ட் லூஸா இருந்தாலும் லைட்டை டெஸ்ட் பண்ண மாட்டோம் சார், போல்ட்டைத்தான் டெஸ்ட் பண்ணுவோம்" என்றார்.

அதிர்வு மேடையான ஷேக்கர் ஒலிபெருக்கியின் தத்துவத்தில்தான் இயங்குகிறது. காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது மேலும் கீழும் துள்ளுகிறது. ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு இருக்கும் இடத்தில் இங்கே கனத்த உலோக மேடை. அந்த மின்னோட்டத்தைத் தருவது பக்கத்தில் நிற்கும் பவர் ஆம்ப்ளிஃபயர். சில வோல்ட் சிக்னலை வாங்கி, நூற்றுக்கணக்கான ஆம்பியராகத் தள்ளுகிறது.

இவ்வளவு வலு தறிகெட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். 1 ஜி முடுக்கத்துக்கு, 5 ஹெர்ட்ஸில் மேடை மொத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதே 1 ஜிக்கு 1000 ஹெர்ட்ஸில் அரை மைக்ரான் போதும். அதனால் தாழ்ந்த அதிர்வெண்ணில் மேடை எல்லையில் முட்டும் அபாயம் அதிகம். எல்லையை நெருங்கியதுமே ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டை நிறுத்திவிட வேண்டும்.

அதைவிட நுட்பமான ஆபத்து சென்சாரில் இருக்கிறது. மேடையின் அசைவை அது சொல்லச் சொல்லத்தான் கன்ட்ரோலர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சிக்னலைக் கூட்டும், குறைக்கும். நடுவில் சென்சார் கழன்றால், மேடை ஆடவில்லை என்று நினைத்து கன்ட்ரோலர் இன்னும் இன்னும் என்று கேட்கும். சென்சார் சிக்னல் அறுந்ததைக் கண்டறிந்து நிறுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் சுருள் வெந்துவிடும். கேபிளைச் சென்சாரின் ஓரத்திலேயே டேப் போட்டு ஒட்டும் இளைஞர் அந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அப்போதுதான் நியாயமாகப் பட்டது.

சோதனை பாதியில் நின்றது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. இளைஞரின் கை ரீசெட்டை நோக்கிப் போனது.

"கை வைக்காத தம்பி. எதுல டிரிப் ஆச்சுன்னு மொதல்ல படி."

"ஏர் ஃப்ளோண்ணா."

குளிர்விக்கும் புளோயரின் காற்று வாயில் ஒரு பேக்கிங் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தது. ரீசெட்டை அழுத்தியிருந்தால் சற்று நேரம் ஓடியிருக்கும், மறுபடி நின்றிருக்கும். இப்படியே மூன்று நான்கு தடவை சூடேறினால் சுருளின் காப்புப் பூச்சு தாங்காது. கெடு நெருக்கும் தொழிலில் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதுதான் பெரிய கைத்திறன் என்று நினைக்கிறேன்.

உறையை எடுத்த பிறகும் மூத்த டெக்னீஷியன் நேராக முழு அளவுக்குப் போகவில்லை. கால் பங்கில் ஓட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அரைக்கு ஏற்றி, பிறகே முழு அளவு. நின்ற நேரம், காரணம், எந்த அதிர்வெண்ணில் மறுபடி தொடங்கினார்கள் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார். பின்னால் அந்த ஹெட்லைட்டில் விரிசல் விழுந்தால், அந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும்.