மியூசியம் நடையும் மகனின் செமஸ்டரும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம். தினமும் காலையில் மியூசியம் வளாகத்தில் நடக்கிறேன். சுகர் வந்தபிறகு வந்த ஞானம்தான், வேறென்ன. சுற்றிலும் என்னைப் போன்ற தொப்பைகள், ரிட்டயர் ஆனவர்கள். இத்தனை கல்லூரிகள் உள்ள ஊரில் மாணவர்களைத்தான் காணோம். (பக்கத்துப் பாளையத்தில் யூனிவர்சிட்டி ஸ்டேடியமே இருக்கிறது. 1988-ல் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக நம்ம ஸ்ரீகாந்த் 101 அடித்த மைதானம். அடித்தும் தோற்றோம், அது வேறு கதை.)

வீட்டிலும் ஒரு மாணவன் உண்டு. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் நெருங்கினால் தூக்கம் கிடையாது, சோறு இறங்காது. போன மாதம் நெஞ்சு படபடக்கிறது என்றான். டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு. பையனைக் கொஞ்சம் ஓடவிடுங்க" என்றார்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கிக்காரன் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். நாளைக்கு 22 நிமிடம்கூட இல்லை. பெருமையாக அவனிடம் சொன்னேன்.

"பிளஸ் டூல ஃபுட்பாலை நிறுத்தச் சொன்னது யாருப்பா?"

நான்தான். என்ட்ரன்ஸ் முடியட்டும் என்று பூட்ஸைப் பரண்மேல் போட்டவனும் நான்தான். பி.காம் பரீட்சைக்கு முதல்நாள் சாயங்காலம்கூட வாலிபால் ஆடினவன், பிள்ளைக்கு மட்டும் இப்படிச் செய்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி பூட்ஸை இறக்கினேன். காலுக்குச் சேரவில்லை.

இன்று காலை செருப்போடு என்கூட வந்தான். இரண்டு சுற்று வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது சுற்றில் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டான்.