நோயும் நோன்பும்

வாலிபத்தில் வரும் நோய் பெரும்பாலும் விருந்தாளி. சில நாள் இருந்துவிட்டு வந்த வழியே போய்விடும். முதுமையில் வருவதோ வீட்டோடு தங்கிவிடுகிறது. அதனை விரட்ட இயலாது. அதனோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு இப்போது வயது 72. நீரிழிவு என்னோடு சேர்ந்து 26 ஆண்டுகளாகின்றன; இரத்த அழுத்தம் 12 ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது.

ஆண்டில் பதினொரு மாதங்கள் இக்குடித்தனம் பெரிய சச்சரவின்றி நடந்துவிடும். வேளை தவறாத மாத்திரை, இரு வேளை இன்சுலின் ஊசி, மாலையில் கீழக்கரைக் கடற்கரைவரை ஒரு நடை, படுக்கப் போகுமுன் பாதங்களை விளக்கொளியில் புரட்டிப் பார்த்தல். இந்தக் கடைசிக் காரியத்தைப் பலர் வேடிக்கையாக எண்ணுகிறார்கள். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்வைக் குறைத்துவிடும். முள் தைத்தாலும் தெரியாது. சுடுதரை சுட்டாலும் தெரியாது. உச்சிப்பொழுதில் பள்ளிவாசல் முற்றத்தை வெறுங்காலுடன் கடந்து, மறுநாள் கொப்புளத்தைக் கண்டு திகைத்தவர்களை நான் அறிவேன். அந்தச் சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகிக் காலையே பறித்துவிடக்கூடும்.

சோதனை ரமலானில்தான் வருகிறது. ஒன்பது வயதில் தொடங்கி அறுபது ஆண்டுகளாக நோன்பு வைத்து வந்தவன் நான். ஸஹரின் அரைத்தூக்கமும், அஸருக்குப் பின் தெருவெங்கும் மணக்கும் நோன்புக் கஞ்சியும் என் உடம்போடு ஊறியவை. மூன்று ஆண்டுகளுக்கு முன், ரமலானுக்கு இரண்டு மாதம் இருக்கையில், என் மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு, "இனி நோன்பு வேண்டாம்" என்றார். அவரும் நோன்பாளிதாம், ஆகவே மார்க்கம் தெரியாதவர் சொல் என்று தள்ளிவிட வழியில்லை.

காரணத்தையும் விளக்கினார். உண்ணாத வயிற்றில் இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் இரத்தச் சர்க்கரையை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறக்கிவிடலாம். இளைஞனுக்கு அப்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும்; அவன் விழித்துக்கொள்வான். முதியவருக்கோ இந்த எச்சரிக்கை மங்கிப்போகிறது. இரத்த அழுத்தத்திற்கென நான் உண்ணும் மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும் இனத்தது. பேச்சுக் குழறுவதும் அறிவு தடுமாறுவதுமே முதல் அடையாளமாக வரலாம். அருகிலிருப்போர் அதனை நோன்பின் களைப்பென்றே எண்ணுவர். 2001-இல் 13 நாடுகளில், 12,000-க்கும் மேற்பட்ட நீரிழிவாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலும் நடுவயதிற்குப்பின் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் ஏழு மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது.

நீரிழிவுடையோர் அனைவருக்கும் நோன்பு ஆகாது என்பதன்று இதன் பொருள். மாத்திரை மட்டும் உண்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் பலர், மருந்தின் நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மாற்றிக்கொண்டு நலமாக நோற்கின்றனர். அவர்களும் பகலில் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது என்றே ஆலிம்கள் பலரும் கூறுகின்றனர். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் அக்கணமே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ நெறி. இஃப்தாருக்கு இன்னும் கால்மணி நேரந்தானே என்று காத்திருப்பது வீரமன்று. தாமாகவே ஊசியை நிறுத்திவிட்டு நோற்பவர்களைக் கண்டால் எனக்கு அச்சமே மிகுகிறது. சர்க்கரை அப்போது எதிர்த்திசையில் ஏறி உயிரையே வாங்கிவிடக்கூடும்.

மருத்துவர் சொன்னதை அறிவு ஏற்றுக்கொண்டது. மனம் ஏற்க நாளாயிற்று. அல்பகறா அத்தியாயத்தின் 184-ஆம் வசனம் நோயாளிக்குச் சலுகை தருவதைச் சிறுவயதிலிருந்தே ஓதி வந்திருக்கிறோம். ஆயினும் அது பிறருக்கு உரியதென்றே எண்ணிப் பழகிவிட்டோம். பத்து வயதுப் பேத்தி உதடு வறண்டு உட்கார்ந்திருக்க, பாட்டனார் எழுந்து போய்க் காலைப் பசியாறுவது எளிதா? கடைத்தெருவில், "மாமா, நோன்புதானே?" என்று அன்போடு கேட்பவனிடம் என்ன சொல்வது? வயது முதிர்ந்த ஆண்மகன் நோன்பில்லை என்று வாய்விட்டுச் சொல்வது நம் ஊர்களில் அத்தனை இலகுவன்று. நம் பெரியவர்கள் பலர் உடல்நிலையை மறைத்து நோன்பு வைப்பதற்கு இறையச்சம் ஒரு பங்கென்றால், இந்த நாணம் மறுபங்கு என்பது என் எண்ணம்.

வீட்டின் பின்கட்டில் எனக்கென ஒரு குவளையும் தட்டும் ஒதுக்கித் தரும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "அல்லாஹ் குடுத்த சலுகையை ஒளிஞ்சு நின்னு வாங்கணுமா?" என்றாள். அன்று முதல் கூடத்து மேசையிலேயே உண்கிறேன். பேத்தி முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை; இரண்டாம் நாள், "அப்பா, ஊசி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நலம்பெற்றுக் களாச் செய்ய வாய்ப்பில்லாத என் போன்றோருக்கு ஃபித்யா இருக்கிறது. நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு தானியம். பிறை பார்த்த மறுநாளே அரிசி அளந்து கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அளக்கும் வேலை என்னுடையது. இஃப்தாரில் அனைவரோடும் அமர்கிறேன். கஞ்சி ஒரு கோப்பை, பேரீச்சம்பழம் ஒன்று, வாடா பாதி. தராவீஹும் தவறுவதில்லை, முழங்கால் வலிக்கும் நாளில் நாற்காலி.

ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறதல்லவா? 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலானும், டிசம்பர் இறுதியில் இன்னொன்றின் தொடக்கமும் வரவிருக்கின்றன. குளிர்காலத்துக் குறும்பகல் ஆயிற்றே, அப்போதாவது ஒன்றிரண்டு வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். நம் பக்கத்தில் பகல் சுருங்குவது சில நிமிடங்களே என்று சிரித்தார். ஆயுள் இருந்தால் அந்த இரண்டுக்குமான அரிசியை எப்படி அளப்பதென்று கணக்குப் பார்க்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.