புகை கசியும் இடம்

அம்பாசிடர் வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆளுக்கொரு கதை வரும். ரேடியேட்டர் கொதித்தது, பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணியது, கல்யாணத்துக்குப் போகிற வழியில் தள்ளிக்கொண்டே போனது. மேனிஃபோல்டு பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டியை நிறுத்திவிடாத கோளாறு அது. கொஞ்சம் சத்தம், கொஞ்சம் வாசம், அவ்வளவுதான். அதனாலேயே வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டிவிடுவோம்.

எங்கள் வீட்டில் இருப்பது 1974ஆம் வருடத்து மார்க் 2. அப்பா வாங்கியது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் பி-சீரிஸ் என்ற பெயரில் செய்த வகை. எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்ததும் இதே குடும்பம்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற வழி, எரிந்த புகை வெளியே வருகிற வழி, இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில். சிலிண்டர் நான்கு, ஆனால் புகைக்கு வாசல் மூன்றுதான். நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வாசல். புகை மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. அதை ஒட்டியே கார்புரேட்டரைத் தாங்குகிற இன்லெட் மேனிஃபோல்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து விளிம்புகளை ஒரே நட்டு, ஒரு தடித்த வாஷரை வைத்துச் சேர்த்து அமுக்குகிறது. ஒரே சுவருக்கு இரண்டு வீடு மாதிரி. ஒரு வீட்டில் விரிசல் விட்டால் அடுத்த வீட்டிலும் தெரியும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் ஓடினால் குறைந்துவிடும். டேப்பெட் என்றுதான் பலரும் நினைப்பார்கள், டேப்பெட்டைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். சூடானதும் இரும்பு விரிந்து இடுக்கை மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. இடுக்கு அங்கேயேதான் இருக்கிறது.

அம்மாவுக்கு மலைப்பாதை ஆகாது என்பது எங்கள் குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்ட விஷயம். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வருவதற்குள் தலைவலி, குமட்டல். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தோம். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புகை வாசத்தைச் சொன்னபோது, கேஸ்கட் ஓரமெல்லாம் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிக் காசு வாங்கி அனுப்பினார்கள். ஒரு மாதம் தாங்கியது.

கணபதிப் பக்கம், பழைய வண்டி மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி: "ஏனுங்க தம்பி, கண்ணாடிய எறக்குனா அம்மாவுக்குச் சரியாயிடுதுங்களா?"

ஆமாம், சரியாகிவிடும். ஊட்டிக் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றினால்தான் வரும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. மலையேற்றத்தில் இரண்டாவது கியர், இன்ஜினுக்கு முழுப் பாரம், புகையின் அழுத்தம் அதிகம், எதிர்க்காற்று குறைவு. பெடல் துளை, ஸ்டியரிங் துளைகளின் ரப்பர்களெல்லாம் என்றைக்கோ காய்ந்து வெடித்தவை. இந்த இன்ஜினில் மேனிஃபோல்டு இருப்பது இடது பக்கம். அம்மா உட்காருவதும் முன்சீட்டின் இடது பக்கம். நாம் முகர்வது எரியாத பெட்ரோலின் வாசத்தை. அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலியும் குமட்டலும். அதற்கு நாங்கள் இஞ்சி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

நட்டுகளில் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். அப்படியும் ஒரு ஸ்டட் முறிந்தது. முறிந்த முனையில் வேறொரு நட்டை வெல்டிங் வைத்து, ஆறுவதற்குள் திருப்பி எடுத்தார். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் முன் தண்ணீர் தெளித்து நனைத்தார். அந்தக் காலத்து கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. "முன்னெல்லாம் காத்தடிச்சுத்தான் ஊதுவமுங்க," என்றார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். வேறெதுவும் சொல்லவில்லை.

பேஸ்ட் போடலாமா என்று கேட்டேன். "அது சைலன்சர் ஜாயிண்டுக்குங்க. இது நகுருமுங்க, நகுருறத ஒட்ட முடியுமா?"

நகர்வது நிஜம். ஒரு அடி நீள வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். ஹெட் அவ்வளவு சூடாகாது, தண்ணீர் ஓடுகிறது. ஆக மேனிஃபோல்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹெட்டின் மேல் தேய்ந்து வெளியே போய், ஆறும்போது திரும்பி வருகிறது. ஸ்டட் துளைகள் கொஞ்சம் பெரிதாக இருப்பது அதற்குத்தான். சிலிக்கான் அந்தச் சூட்டில் கருகும். புட்டி கல்லாகி வெடிக்கும். நகர விடாமல் இறுக்கினால் வார்ப்பிரும்பே விரிசல் விடும்.

ஸ்டீல் ஸ்கேலை மேனிஃபோல்டின் முகத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார். கடைசி வாசலில் 0.3 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது. வளைந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, இன்லெட்டின் விளிம்பு புகை மேனிஃபோல்டின் விளிம்பைவிடத் தடிமனாக இருந்தது. எப்போதோ யாரோ ஒன்றை மட்டும் தேய்த்திருக்கிறார்கள். தடித்த வாஷர் உயரமான விளிம்பில் உட்கார்ந்து சாய்ந்துவிடும். தாழ்ந்த விளிம்புக்கு அமுக்கமே கிடையாது. எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் எவ்வளவு முறுக்கினாலும் அங்கே கசியும். பேஸ்ட் அடித்தவர்கள் இந்த வாஷரைப் பார்த்திருந்தாலே போதும், சாய்ந்த தடம் அதிலேயே இருந்தது.

முகங்களைச் சமமாக கிரைண்டிங் செய்து, இரண்டு விளிம்பும் ஒரே தடிமன் வருகிற மாதிரி அளந்து எடுத்தார்கள். அந்த வேலைக்கே அரை நாள். மாட்டுகிற வேலை அரை மணி நேரம்தான். புது ஸ்டட், துருப்பிடித்து இறுகாத பித்தளை நட்டு. கேஸ்கட்டுக்கு எதுவும் தடவவில்லை. தகரப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் வழுக்கும் என்றார். நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்கினார். 15 அடி-பவுண்டுக்கு மேல் போகவில்லை. ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. சூட்டோடு இறுக்கக் கூடாது.

கீழே படுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. முன்குழாயை கியர்பாக்ஸ் பக்கம் தாங்கிப் பிடிக்கிற பட்டையைக் காணோம். இன்ஜின் குலுங்கும்போதெல்லாம் குழாயின் மொத்த எடையும் மேனிஃபோல்டைக் கீழே இழுத்திருக்கிறது. வளைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பழைய லாரிப் பட்டையில் ஒரு துண்டை வெட்டி, துளை போட்டு மாட்டினார். பில்லில் அதற்குக் காசு எழுதவில்லை. கேட்டதற்கு, "அது கம்பெனிக்காரன் கொடுத்ததுங்க, யாரோ கழட்டிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றிருந்த ஃபியட்டின் பானெட்டைத் திறக்கப் போய்விட்டார்.